நாலு லட்சம், ஒரு செக், மூணு கோர்ட்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பழைய ஆபீஸ் நண்பருக்கு ரெண்டு வருஷம் முன்பு வங்கி வழியாக நாலு லட்சம் அனுப்பினீர்கள். பலமுறை கேட்டபிறகு அவர் ஒரு செக் கொடுத்தார், அதை அண்ணா நகரில் உங்கள் கிளையில் போட்டீர்கள், கணக்கில் பணம் இல்லை என்று 19 நாள் முன்பு திரும்பிவிட்டது. அவர் குடியிருப்பது தாம்பரத்தில். மூன்று வக்கீல்களைப் பார்த்தீர்கள். ஒருவர் எழும்பூர் என்கிறார், இன்னொருவர் சென்னை பாரிஸ் கார்னரில் இருக்கிற சிட்டி சிவில் கோர்ட் என்கிறார், மூன்றாமவர் ஐகோர்ட்டிலேயே போட்டு ஆளை மிரட்டிவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி, ஒரே ஊரில் எதற்கு இத்தனை கோர்ட், எத்தனை நாள் இழுக்கும், எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறீர்கள்.

பதினேழு வருஷமாகச் சென்னையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். முதல் இருவர் சொல்வதும் சரிதான். மூன்றாமவரிடம் அப்புறம் வருகிறேன். அதற்கு முன் ஒரு நாள்கணக்கு, ஏனென்றால் உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 19 நாள்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

செக் திரும்பிய தகவல் வங்கியில் இருந்து உங்களுக்கு வந்த நாளில் இருந்து 30 நாளுக்குள், பணத்தைக் கொடு என்று எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு. நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்த நாளில் இருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் கொடுக்கவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் கோர்ட்டில் புகார் மனு போட வேண்டும். புகார் போடுவதில் சில நாள் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாளைத் தவறவிட்டால் அப்படிக் கேட்க சட்டத்தில் இடமில்லை. ஒரே ஒரு வழி, செக்கில் எழுதியிருக்கும் தேதியில் இருந்து மூன்று மாதம் முடியவில்லை என்றால் அதையே மறுபடியும் வங்கியில் போடலாம், மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் ஓடும். அது செல்லும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். உங்களுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

சரி, இப்போது ஏன் இத்தனை கோர்ட் என்பது.

மதராஸ், பம்பாய், கல்கத்தா மூன்றும் வெள்ளைக்காரன் காலத்தில் ராஜதானி நகரங்கள். 1862-ல் இந்த மூன்று ஊருக்கும் உயர் நீதிமன்றம் வந்தபோது அவற்றுக்கு மேல்முறையீடு கேட்கிற வேலை மட்டும் கொடுக்கவில்லை; நகர எல்லைக்குள் எழும் சிவில் வழக்குகளை நேரடியாகவே முதலில் இருந்து விசாரிக்கிற அதிகாரத்தையும் கொடுத்தார்கள். அதைத்தான் வக்கீல்கள் ஒரிஜினல் சைடு என்பார்கள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ நூறு கோடி ரூபாய் நிலத் தகராறாக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றத்தில்தான் தொடங்கும். சென்னையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் நேரே ஐகோர்ட். அந்தத் தொகைக்குக் கீழே இருப்பவற்றைப் பார்க்க 1892-ல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியது சிட்டி சிவில் கோர்ட். எல்லைத் தொகை காலத்துக்குக் காலம் ஏறிக்கொண்டே வந்தது. நான் தொழிலுக்கு வந்த பிறகே பத்து லட்சம் இருபத்தைந்து ஆகி, 2018-ல் ஒரு கோடிக்கு வந்ததைப் பார்த்துவிட்டேன். ஆக உங்கள் நாலு லட்சத்துக்கு ஐகோர்ட் ஒரிஜினல் சைடில் வேலையே இல்லை, மனுவை வாங்கவே மாட்டார்கள். அந்த மூன்றாமவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார். ரெண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிட்டி சிவில் கோர்ட் ஐகோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் மக்கள் குழம்புவது இயல்பு. மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிறுத்தத்தில் இறங்கி, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போனால், அந்தச் சிவப்புக் கட்டடம் மட்டும்தான் ஐகோர்ட் (அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது, கப்பல்காரர்களுக்கும் நீதி தேவைப்பட்டது போல). அதே காம்பவுண்டில் சிட்டி சிவில் கோர்ட், கொலை கொள்ளை வழக்குகளைப் பார்க்கிற செஷன்ஸ் கோர்ட், வாடகைத் தகராறும் வாகன விபத்து இழப்பீடும் நடக்கிற ஸ்மால் காசஸ் கோர்ட், குடும்ப நல நீதிமன்றம், தொழிலாளர் நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. வெளியூரில் இருந்து வருகிறவர் 'ஐகோர்ட்டில் கேஸ் நடக்கிறது' என்று பெருமையாகச் சொல்வார். பார்த்தால் ஸ்மால் காசஸில் வாடகை கேஸாக இருக்கும். இன்னொன்று, வருஷத்துக்கு ஒருமுறை, வழக்கமாக நவம்பரில், ஒரு சனி இரவில் இருந்து ஞாயிறு இரவு வரை இந்த வளாகத்தின் எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவார்கள். உள்ளே புகுந்து குறுக்கே நடந்து போகிற பொதுஜனம் பின்னால் 'இது எங்கள் பொதுவழி' என்று உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக. நீதிமன்றமே தன் சொத்தைக் காத்துக்கொள்ள வருஷா வருஷம் சாட்சியம் உண்டாக்கி வைக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் காகிதம் காகிதம் என்று அடித்துக்கொள்ளும்போது புரியும்.

கிரிமினல் பக்கம் தனி. சென்னையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று மூன்று இடத்தில் கூடு கட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இன்ன இன்ன காவல் நிலையம் என்று பிரித்திருக்கிறார்கள். செக் வழக்குகள் மலை மாதிரி குவிந்ததால் அதற்கென்று மாஜிஸ்திரேட் நிலையில் விரைவு நீதிமன்றங்கள் வைத்தார்கள், அவற்றில் சில மூர் மார்க்கெட் பக்கம் அல்லிக்குளத்தில் இருக்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற ஊரைப் பெருநகரப் பகுதி என்று அறிவித்து, அங்கே உட்காருபவருக்கு மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்திரேட் என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த வகையே கிடையாது. வக்கீல்கள் வாயில் மட்டும் இன்னும் எம்.எம். கோர்ட்தான், அது போக இன்னும் இருபது வருஷமாவது ஆகும்.

உங்கள் செக் வழக்கு எங்கே போகும் என்பதை 2015-ல் வந்த திருத்தம் தெளிவாக்கிவிட்டது. செக்கைப் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தக் கிளை இருக்கிற எல்லைக்கான கோர்ட். அண்ணா நகர் கிளை என்பதால் சென்னைக்குள்தான், முதல் வக்கீல் எழும்பூர் பக்கம் கை காட்டியது அதனால்தான். நண்பர் தாம்பரத்தில் இருப்பது இங்கே பொருட்டே இல்லை.

சிவிலில் அது பொருட்டு. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். பணம் வாங்கியவர் வசிக்கும் இடத்தில் வழக்குப் போடலாம், அல்லது வழக்குக்கான காரணம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த இடத்திலும் போடலாம். நீங்கள் அண்ணா நகரில் இருந்து பணம் அனுப்பியிருக்கிறீர்கள், செக் திரும்பியதும் அங்கேயே, ஆகவே சிட்டி சிவில் கோர்ட்டில் போட முடியும். இந்த ஊரில் எல்லை விவகாரம் ஒரு தனித் தலைவலி. கார்ப்பரேஷன் எல்லை ஒன்று, வருவாய் மாவட்ட எல்லை ஒன்று (அது 2018-ல் விரிந்தது), போலீஸ் கமிஷனரேட் எல்லை ஒன்று (2022-ல் ஆவடி, தாம்பரம் என்று தனித்தனியாகப் பிரிந்தது), கோர்ட் எல்லை இன்னொன்று. பின்கோடில் சென்னை என்று இருப்பதாலேயே சென்னைக் கோர்ட் என்று நினைத்து ஒரு வருஷம் வழக்கு நடத்தி, கடைசியில் அதிகாரவரம்பு இல்லை என்று மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு பூந்தமல்லிக்கோ ஆலந்தூருக்கோ போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்குப் போடும் முன் வக்கீலிடம் 'ஏன் இந்தக் கோர்ட்' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

இப்போது கிரிமினலா சிவிலா. ரெண்டும் போடலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. ஆனால் ரெண்டும் ஒன்றல்ல. செக் வழக்கில் மதிப்புக்கேற்ற கோர்ட் கட்டணம் கிடையாது. தண்டனை ரெண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப்போல ரெண்டு மடங்கு வரை அபராதம், அதில் இருந்து உங்களுக்கு இழப்பீடு. வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம், 2018-ல் வந்த வசதி, ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. எதிராளிக்கு ஜெயில் பயம் இருப்பதால் பாதி வழக்குகள் நடுவிலேயே பேசி முடிகின்றன. சிவில் வழக்கில் கட்டணம் தமிழ்நாட்டில் 3 சதவீதம், 2017 வரை ஏழரையாக இருந்தது, ஆக உங்களுக்குப் பன்னிரண்டாயிரம். மூன்று வருஷ காலக்கெடு உண்டு, நீங்கள் பணம் கொடுத்தே ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் செக் வழக்கைப் போட்டுவிட்டு, மூன்று வருஷம் முடிய ஒரு நாலு மாதம் இருக்கும்போது நிலைமையைப் பார்த்து சிவிலையும் போடுவேன். சில வக்கீல்கள் முதல் நாளே ரெண்டையும் போடச் சொல்வார்கள், அதுவும் தப்பில்லை, செலவுதான்.

போலீஸுக்குப் போகலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போனால் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், அவரை ஒருமுறை கூப்பிட்டு விசாரிப்பார்கள், அப்புறம் இது சிவில் மேட்டர் சார் என்பார்கள். பெரும்பாலும் அது சரியான பதிலும்கூட. இதில் அலைந்துதான் நிறைய பேர் நோட்டீஸ் தேதியைக் கோட்டை விடுகிறார்கள்.

வாய்தாவுக்கு வருவோம், நீங்கள் கோபமாகக் கேட்டது அதுதான். சினிமா பார்த்துப் பழகியவர்கள் வழக்கு என்றால் நீதிபதி முன்னால் ரெண்டு வக்கீல்கள் வாதாடுவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு வழக்கின் ஆயுசில் முக்கால்வாசி நீதிபதி இல்லாத இடத்தில் கழிகிறது, மேசைகளில். நீங்கள் புகார் மனு தாக்கல் செய்தவுடன் அது வழக்கு ஆகிவிடாது. கோர்ட் அலுவலகச் செக்ஷனில் ஒருவர் சரிபார்ப்பார். பக்க எண் இல்லை, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அத்தாட்சி இல்லை, தேதிக் கணக்கு ஒத்துவரவில்லை என்று குறை எழுதித் திருப்பிவிடுவார். இதற்கு ரிட்டர்ன் என்று பெயர். சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும், மறுபடி வேறொரு குறை வரலாம். எல்லாம் சரியாகி எண் விழுந்தால்தான் வழக்கு. அதைத்தான் கேஸ் நம்பர் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். 'போன மாசமே போட்டாச்சு சார்' என்று உங்கள் வக்கீல் சொன்னால் அது ரிட்டர்னில் அவர் அலமாரியிலேயே கிடக்கலாம். நம்பர் ஆனதும் பதினாறு இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும், இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி, எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் உங்கள் கைபேசியிலேயே தெரியும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிற வக்கீலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

அடுத்தது சம்மன். எதிராளிக்கு சம்மன் போக நீங்கள் பேட்டா என்ற கட்டணம் கட்ட வேண்டும், சின்னத் தொகைதான், ஆனால் அதைக் கட்டாமல் விட்டால் சம்மன் எழும்பாது, வழக்கு 'பேட்டா கட்டவில்லை' என்ற ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் நகராது. கட்டினாலும் ஆள் வீடு மாறியிருப்பார், முகவரியில் கதவு எண் தப்பாக இருக்கும், கதவு பூட்டியிருந்தது என்று திரும்பி வரும். மறுபடி பேட்டா, மறுபடி சம்மன், அப்புறம் வாரண்ட். உங்கள் வழக்கில் முதல் ஆறு மாதம் வாய்தா ஏன் விழுகிறது என்று கேட்டால் பத்தில் எட்டு முறை பதில் இதுதான். அதனால் நண்பரின் இப்போதைய வீட்டு முகவரி, ஆபீஸ் முகவரி, கைபேசி எண் மூன்றையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் வரை போய் கதவு எண்ணைப் பார்த்துவிட்டு வருவது, பெரிய வக்கீலுக்குக் கொடுக்கிற பத்தாயிரத்தை விட உங்கள் வழக்கை வேகமாக நகர்த்தும்.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் கவலை வேண்டாம், சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். தபால் ரசீதும் திரும்பி வந்த உறையும் பத்திரம். உறையைக் கிழித்துப் பார்க்காதீர்கள், அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

கோர்ட்டில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்றால், பத்தரைக்கு நீதிபதி உட்காருவார். அன்றைய பட்டியலில் நிறைய வழக்குகள் இருக்கும், செக் கோர்ட் என்றால் கேட்கவே வேண்டாம். பெஞ்ச் கிளார்க் ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிடுவார், டவாலி வெளியே வராந்தாவில் நின்று அதை மூன்று முறை கத்துவார், உங்கள் வக்கீலின் ஜூனியர் எழுந்து ரெண்டு வார்த்தை சொல்வார், தேதி கொடுப்பார்கள், முடிந்தது. அரை நிமிஷம்கூட ஆகாது. இதற்காகவா லீவு போட்டு வந்தேன் என்று தோன்றும். ஆனால் செக் வழக்கில் புகார்தாரர் வராமல் போனால், அவர் சார்பில் யாரும் நிற்கவில்லை என்றால், முப்பது நாள் அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டு எதிரியை விடுதலை செய்துவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதை மீட்க மேல்முறையீடு வரை போக வேண்டும். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு நாள் இப்படி நடந்தது. காலையில் ரெண்டு கோர்ட்டில் எனக்கு வழக்கு, ஒரு இடத்தில் பாஸ் ஓவர், அதாவது கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று, கேட்டுவிட்டு இன்னொரு இடத்துக்கு ஓடினேன், வெயிலில் கோட்டோடு பஸ் பிடித்துத் திரும்பி வந்து பார்த்தால் என் வழக்கு கூப்பிட்டு முடிந்திருந்தது, சிவில் வழக்கு, ஆஜர் இல்லை என்று தள்ளுபடி. கட்சிக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஒன்றும் திட்டவில்லை, 'பரவாயில்லைப்பா' என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. 30 நாளுக்குள் மனுப் போட்டு மீட்டோம், ஆனால் அந்த மனு விசாரணைக்கு வர எட்டு மாதம் ஆனது. வக்கீல் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் இருப்பதாகப் பாவனை செய்துதான் இந்த நகரத்தில் தொழில் நடக்கிறது. எழும்பூருக்கும் பாரிஸுக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற டிராஃபிக்கும் வாய்தாவுக்கு ஒரு காரணம் என்று யாரும் தீர்ப்பில் எழுதுவதில்லை.

எதிர்த்தரப்பு வேண்டுமென்றே இழுப்பதும் உண்டு. சட்டத்தில் செக் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் சென்னையில் ரெண்டு முதல் நாலு வருஷம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள், இது என் அனுபவக் கணக்கு. 'செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக்', 'வெறும் செக்கில் கையெழுத்து வாங்கி அவரே நிரப்பிக்கொண்டார்' என்ற ரெண்டு பாட்டும் நிச்சயம் வரும். பயப்படாதீர்கள். விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை யார் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது அவர் வேலை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களிடம் வங்கிப் பரிமாற்றம் இருக்கிறது, அது தங்கம். 'அடுத்த மாசம் தந்துடறேன் மச்சி' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தால் போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கொடுத்தால் போதாது, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும், முன்பு 65பி என்போம், புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு.

வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் இந்த ஊரில் எல்லாமே வாய்வழிதான்: மாமாவின் நண்பர், ஆபீஸில் ஒருவருக்கு விவாகரத்து நடத்தியவர், கோர்ட் வாசலில் டீக்கடையில் நின்று 'என்ன கேஸ் சார்' என்று கேட்கிறவர். கடைசி ஆளை மட்டும் தவிருங்கள், அவர் வக்கீலே இல்லை, கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு மாடிகளில் பத்துக்குப் பத்து அறைகளில் உட்கார்ந்திருக்கிற நடுத்தர வக்கீல்கள்தான் உங்கள் மாதிரி வழக்குகளைத் தினமும் நடத்துகிறவர்கள். பெயர் பெற்ற சீனியர் உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் வழக்கு நடக்கும் அதே வளாகத்தில் தினமும் நிற்கிறவராகப் பாருங்கள். அவருடைய குமாஸ்தாவையும் பாருங்கள். நல்ல குமாஸ்தா இருந்தால் ரிட்டர்ன் ரெண்டு நாளில் சரியாகும், பேட்டா அன்றைக்கே கட்டப்படும், நகல் மனு காணாமல் போகாது. குமாஸ்தாவுக்கு நூறு இருநூறு தனியாகக் கேட்பார்கள், கொடுப்பது உங்கள் இஷ்டம். கோர்ட் ஊழியர் பேரைச் சொல்லிக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது வேறு விஷயம்.

ஃபீஸ் பேசும்போது மொத்தமாகப் பேசுங்கள்: நோட்டீஸுக்கு இவ்வளவு, தாக்கலுக்கு இவ்வளவு, குறுக்கு விசாரணை முடியும்போது இவ்வளவு என்று பிரித்து, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால் வாய்தா அதிகமாகும், மனித இயல்பு. வசூலாவதில் இத்தனை சதவீதம் என்று கேட்பது விதிப்படி தவறு, கேட்கிறவர் இருக்கிறார்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் வழக்குத் தலைப்பும் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வேண்டாம், வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டதால் உங்கள் நண்பர் என்ன ஆகப் போகிறார் என்று இப்போதுதானே பார்த்தோம். ஒரிஜினல் செக்கையும், அது திரும்பியதற்கு வங்கி கொடுத்த மெமோவையும் கொடுக்கும்போது ரெண்டு பக்கமும் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டு வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயம். வசதி இல்லாதவர்களுக்கும், பெண்கள், பட்டியல் சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், 15100-க்கு அழைத்தால் சொல்வார்கள். உங்களுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன், படிக்கிற வேறு யாருக்காவது ஆகும்.

நடுவில் சமரசம் பேச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதலில் வந்தது நம் ஐகோர்ட் வளாகத்தில், 2005-ல். மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் நாலு தவணையில் என்று அவர் வந்தால், நாலு வருஷம் கழித்து வரும் முழு நாலு லட்சத்தை விட அது பெரிய தொகை. ஆனால் வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டு வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். லோக் அதாலத்தில் பதிவு செய்யுங்கள். அந்த உத்தரவு சிவில் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம். சிவில் வழக்கு அப்படி முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

நிறைவேற்று மனு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சிவிலில் ஜெயித்துத் தீர்ப்பு வாங்குவது பாதி வழிதான். தீர்ப்பைக் காட்டினால் யாரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. அதற்கு இன்னொரு மனு, இன்னொரு எண், இன்னொரு பேட்டா, கோர்ட் ஊழியரான அமீனா போய் ஜப்தி. அவர் சொத்தும் வேலையும் சென்னைக் கோர்ட் எல்லைக்கு வெளியே இருந்தால் தீர்ப்பாணையை அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றி அங்கே போட வேண்டும், தாம்பரம் மறுபடியும் முளைக்கும். சம்பளத்தில் பிடிக்கலாம், ஆனால் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் ரெண்டு பங்கும் அவருக்கு, மிச்சம்தான் உங்களுக்கு, அதுவும் மொத்தம் 24 மாதம் வரைக்கும். 12 வருஷம் வரை நிறைவேற்று மனு போடலாம் என்பது ஒரு ஆறுதல். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் உங்கள் வக்கீல் மனுவில் மேற்கோள் காட்டுவார். எதிராளியின் பெயரில் என்ன இருக்கிறது, எங்கே வேலை பார்க்கிறார், எந்த வங்கியில் கணக்கு என்பதை இப்போதே, அவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே விசாரித்து வையுங்கள். அவர் கொடுத்த செக்கிலேயே ஒரு வங்கிக் கணக்கு எண் இருக்கிறது பாருங்கள்.

பதினோரு நாள் என்றேன். மெமோவில் இருக்கிற தேதியும் உங்களுக்குத் தகவல் வந்த தேதியும் ஒன்றுதானா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், குறுஞ்செய்தியில் முன்னாலேயே தகவல் வந்திருந்தால் எதிர்த்தரப்பு அந்தத் தேதியைத்தான் பிடிக்கும். நடுவில் ஒரு ஞாயிறு வருகிறது, அன்று தபால் கிடையாது. ஒன்பது நாள் என்றே வைத்துக்கொண்டு, முதலில் பார்த்த அந்த எழும்பூர் வக்கீலுக்கு நாளைக் காலை போன் பண்ணுங்கள்.